அட்டைக் கொக்கு

மார்ச் 3, திங்கள்

ஆற்றுநீர் ஆய்வகத்தில் இன்று கொக்குச் சோதனை. கொக்கு வடிவில் வெட்டிய அட்டையைத் தொட்டிக்கு மேலே நகர்த்த வேண்டும். நிழல் விழுந்ததும் மீன் ஓட்டுத்துண்டுக்கு அடியில் ஒளிய வேண்டும். நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தில் பிடித்த மீன்கள் ஒளியவில்லை. மேலே வந்து கொக்கை நலம் விசாரித்தன.

மார்ச் 6

மீன்களின் மூளையில் பதற்றம் தணிக்கும் மாத்திரை. நான் இரவுதோறும் விழுங்குகிற அதே மருந்து.

என் உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் கழிப்பறை வழியாகக் கிளம்புகிறது. சுத்திகரிப்பு நிலையம் மலத்தைப் பிடிக்கக் கட்டியது. மருந்துக்கு அங்கே வழிவிட்டு விடுகிறார்கள். மீன் மூச்சு விடும்போதே அது செவுள் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. ஈரல் ஆனமட்டும் உடைத்து வெளியேற்றப் பார்க்கிறது. அதற்குள் அடுத்த வேளை மருந்து செவுளுக்கு வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்காமலே சாகும்வரை இடைவிடாத சிகிச்சை. மனிதர்களுக்குக் கிடைக்காத வசதி.

மனைவி வெங்காயம் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டாள். "அதே மாத்திரையத்தானே நீங்களும் முழுங்குறீங்க? மீனுக்கு வந்த தைரியம் உங்களுக்கு ஏன் வரல?"

விஞ்ஞானப்பூர்வமான கேள்வி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11

ஆய்வக இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கழிவுநீர் கலக்கும் இடத்திலேயே தூண்டில் பூங்கா திறக்கிறார்கள். அங்கே மீன்கள் எதற்கும் பயப்படுவதில்லை, குழந்தைகூடப் பிடித்துவிடலாம் என்று ஊரே பேசுகிறதாம். குத்தகை எடுத்திருப்பது என் மைத்துனன். நீரும் மீனும் பாதுகாப்பானவை என்று கையெழுத்துப் போட வேண்டியது நான்.

"உங்களுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்," என்றார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

மார்ச் 14

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொட்டியிலும் கொக்கை நகர்த்தினேன். பிறந்ததிலிருந்து குழாய் நீரில் வளர்ந்த மீன்கள். அவையும் மேலே வந்து நலம் விசாரித்தன.

இயக்குநருக்கு முகமெல்லாம் பல். "ரெண்டு தொட்டியும் ஒரே மாதிரிதானே இருக்கு? வித்தியாசம் இல்லைன்னா மாசும் இல்ல. கதை முடிஞ்சுது."

மார்ச் 15

பல் விளக்கும்போது உறைத்தது. குழாய் நீர் எங்கிருந்து வருகிறது? அதே ஆற்றிலிருந்து. கழிவு கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் குடிநீருக்கு உறிஞ்சுகிறார்கள். இத்தனை காலமும் ஆற்றை ஆற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறோம்.

வாயிலிருந்த தண்ணீரைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

மார்ச் 18

மழை! ஆய்வக மொட்டைமாடியில் வாளி, தொட்டி, என் சாப்பாட்டு டப்பா உட்பட எல்லாவற்றிலும் பிடித்தேன். ஆற்று மீன்கள் சிலவற்றை மழைநீரில் விட்டிருக்கிறேன். புதிதாக மருந்து வராவிட்டால் பழையதை ஈரல் மெல்ல வெளியேற்றிவிடும் — என்று நம்பிக்கை.

மருத்துவரைக் கேட்டு நானும் மாத்திரையைக் குறைக்கிறேன். ஆற்றுக்கு என் பங்களிப்பும் குறையட்டும்.

மார்ச் 27

தூக்கமில்லை. தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மைத்துனன் வந்தான். "என் பொழப்பே இதுலதான் இருக்கு மாமா. மீன் தைரியமா இருந்தா உங்களுக்கு என்ன போச்சு? முதல் மீனை என் பொண்ணுதான் பிடிக்கப்போறா. அங்கேயே பொரிச்சுச் சாப்பிடப்போறோம்."

அந்தக் குழந்தை தெருநாயைக் கண்டாலே என் காலைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பயம் அவளுக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. மீனில் மட்டுமல்ல, குழாய் நீரிலும் மருந்து இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 8

மழைநீர்த் தொட்டியில் கொக்கின் நிழல் விழுந்ததுதான் தாமதம் — ஒளிந்துவிட்டன! ஒன்று அவசரத்தில் கண்ணாடியில் முட்டிக்கொண்டது. கைதட்டினேன். அதற்கும் பயந்தன. இவ்வளவு அழகான கோழைத்தனத்தை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 10

கூட்டம். கை நடுங்கியது, குரல் அதைவிட. குழாயில் வருவதும் அதே ஆறுதான், கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

இயக்குநர் என் விரல்களையே பார்த்தார். "பயமா இருக்கா?"

"ஆமா சார். ரொம்ப பயமா இருக்கு. அதனாலதான் போடல."

ஏப்ரல் 17

இயக்குநரே கையெழுத்துப் போட்டுவிட்டார். கை துளியும் நடுங்கவில்லையாம். எனக்கு உடைந்த கருவிகள் வைக்கும் கிடங்குக்கு மாற்றல். மழைநீர்த் தொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 28

நேற்று பூங்கா திறப்பு. கூட்டம் அலைமோதியதாம். நான் போகவில்லை, வீட்டு மொட்டைமாடியில் மழை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலை மைத்துனன் காலி கேனோடு வாசலில் நின்றான். "மாமா, அந்த மழைத்தண்ணி இருக்கா? பொண்ணுக்குக் குடிக்க." முதல் மீனைப் பிடித்தாளா என்று கேட்டேன். "பிடிச்சா. திருப்பி விடச் சொல்லிட்டேன்," என்றான், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அவனுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இயக்குநரின் ஓட்டுநர் வந்தார். அவர் கேன் இன்னும் பெரியது.

மீன்களுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தனுப்பினேன். உள்ளே போனபோது என் நிழல் தொட்டியில் விழுந்தது. ஒரு மீனும் கண்ணில் படவில்லை.