விளக்குக் கம்பத்தடி நெல்

அன்பு மகள் பிம்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எருமைகள் இரண்டும் நலம், என் மானத்துக்கு மட்டும் பத்து நாளாக உடம்பு சரியில்லை. ஜப்பான் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

ரோட்டோர வயலில் இந்த வருடம் விதைக் குழுவுக்காக மல்லிகை நெல் போட்டிருந்தேன் இல்லையா, ஊர் முழுக்கக் கதிர் வந்து தலை சாய்கிற நேரத்தில் ரோட்டை ஒட்டிய பகுதி மட்டும் பச்சைப் பசேலென்று புல்லாகவே நின்றது. குழுத் தலைவர் சோம்போங் வந்தார், வயலில் கால்கூட வைக்கவில்லை, "தோங்சுக் அண்ணே, வேற விதையக் கலந்துட்டு எங்ககிட்டயே காட்டுறீங்களா" என்றார். அதோடு விட்டாரா? மறுநாள் காலை ஆறு மணிக்கு, பிக்குகளுக்குச் சோறு வைக்க எல்லோரும் வாசலில் நிற்கிற நேரம் பார்த்து, தோங்சுக்கின் விதையில் கலப்படம், யாரும் எடுக்க வேண்டாம் என்று ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். கையில் ஒட்டுச்சோற்று உருண்டையோடு நான் அப்படியே நின்றேன். வயலில் ஒரே ஒரு சிவப்பு நெல் தெரிந்தாலும் சோறு இறங்காதவன் நான், எனக்கா இந்தப் பேர்!

அப்போதுதான் போன வருடம் உன் படிப்பைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் வந்தது. இலைக்குள் கண் போல ஒன்று இருக்கிறது, இரவு எவ்வளவு நீளம் என்று அது அளக்கிறது, இருட்டு போதிய அளவு வந்தால்தான் ஒரு மரபணு விழித்து, இலை விட்டது போதும், இனிக் கதிர் விடு என்று குருத்துக்குச் சேதி அனுப்பும் என்றாயே. நம் வயலோரத் தெருவிளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் சேதியே போகாது! இதைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அப்ப நெல்லுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டுங்கண்ணே" என்று ஒருத்தன், "ஆறாம் வகுப்போட நின்னவரு பாடம் எடுக்க வந்துட்டாரு" என்று இன்னொருத்தன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் விளக்கைக் குறை சொல்ல எனக்கு எந்த முகம்? இருட்டில் அம்மா பாம்பை மிதிக்கப் பார்த்தாள் என்று போன மழைக்காலத்தில் இரண்டு கையையும் தூக்கி அந்தத் தெருவிளக்கைக் கேட்டு வாங்கியவனே நான்தானே.

கோபத்தில் போய் வயலோரம் நிற்கும் நம் ஓட்டை வண்டியின் மேல் உட்கார்ந்தேன். நடவிலிருந்து ரிப்பேர் செய்யாமல் கிடக்கிறதே, அதேதான். திரும்பிப் பார்த்தால் அந்தப் பச்சைக்கு நடுவில், ராத்திரி தெருவிளக்கை மறைத்து வண்டியின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும், வண்டி அகலத்துக்குக் கதிர்! ஒரே நாளில், ஒரே விதையில் நட்டது. ஓடிப்போய் சோம்போங்கைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "சரிண்ணே, பச்சைய மட்டும் தனியா அறுத்துடுங்க, மத்தத நாங்க எடுத்துக்கறோம்" என்றார். அப்போ ஒலிபெருக்கியில் சொன்னது என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருண்ணே ஞாபகம் வச்சிருக்கா" என்கிறார்! நான் வைத்திருக்கிறேன். பழியை ஊருக்கே கேட்கச் சொல்வது, வாபஸை வரப்பில் முணுமுணுப்பதா? அம்மா வேறு, "நீங்க சோம்பேறியா இருந்ததாலதான் யோக்கியன்னு தெரிஞ்சுது" என்று சிரிக்கிறாள்.

அதனால் நீ பத்து வரி எழுதி அனுப்பு. வாய்க்குள் நுழையாத பேர் எதுவும் வேண்டாம், சோம்போங்கின் அம்மாவுக்கும் புரிய வேண்டும். படித்தவர் கையெழுத்து இருந்தால் அதே ஆறு மணிக்குத் தானே வாசிப்பதாக ஊர்த்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசிக்கிற வரை வண்டியை நகர்த்த மாட்டேன், அது என் சாட்சி.

உன் மணிக்கட்டில் கட்ட வேண்டிய வெள்ளை நூலை உள்ளே வைத்திருக்கிறேன், தோழி யாரையாவது கட்டச் சொல், ஆசீர்வாதம் என்னுடையது. அறுவடை வரை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டேன், அதற்குள் வருவதானால் டார்ச் கொண்டு வா, பாம்பு இருக்கிறது.

கலப்படமில்லாத உன் அப்பா,
தோங்சுக்