மேலே போன வண்டிகள்

நவம்பர் 4

இந்த நோட்டை யார் கண்டெடுத்தாலும் சரி, தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். விறகுப் பெட்டிக்கு அடியில், பழைய பூகோள நோட்டுகளுக்கு நடுவில். யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பென்காவின் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே போனால் எங்கள் ஊர் யெலோவோ முழுவதும் போன மாதிரி.

அம்மா இன்று ரொட்டியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். டிசம்பர் பதினைந்திலிருந்து மார்ச் முடியும்வரை எங்கள் மலைச் சாலையை மூடிவிடலாமா என்று நகராட்சி யோசிக்கிறதாம். பனி தள்ளும் வண்டி, டீசல், உப்பு, ராத்திரிக் கூலி, எல்லாம் நாற்பத்து மூன்று பேருக்காக.

"மத்தவங்களுக்கு ஸ்டோர் ரூம் நிறைய உருளைக்கிழங்கு இருக்கு, சமாளிச்சிடுவாங்க" என்றாள் அம்மா. "ஸ்கூல் போற ஆறு பேரையும் கீழ டவுன் விடுதியில வச்சுப்பாங்களாம். சாப்பாடு, படுக்கை எல்லாம் இலவசம்."

படுக்கை என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள். அங்கே தங்கிப் படிக்கும் லோரா சொல்லியிருக்கிறாள்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது. எனக்குப் பதிமூன்று வயது. இன்னும் படுக்கையை நனைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து. தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் மூன்று வருடமாகச் சொல்கிறார். பால் கறக்க நாலு மணிக்கு எழும்போதே அம்மா விரிப்பை அலசிக் கொடியில் போட்டுவிடுவாள். ஊர் எழுவதற்குள் எடுத்தும்விடுவாள். பனிக்காலத்தில் அது பலகை மாதிரி விறைத்திருக்கும். கதவில் இடிக்காமல் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஜெர்மனியில் கட்டட வேலை செய்யும் அப்பாவுக்குக்கூட நின்றுவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

நவம்பர் 7

நகராட்சி இன்ஜினியர் வந்து, ஊருக்குக் கீழே கடைசி வளைவில் சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள் பதித்தார். ஓரத்துக் கம்பத்தில் பூட்டிய பெட்டி, அதில் ஒரு சின்னக் கண்ணாடி. வண்டி குழாய்மேல் ஏறினால் கண்ணாடிக்குள் எண் மாறும். மூன்று வாரம் எண்ணுவார்களாம். ஒரு நாளைக்கு எழுபது வண்டிக்குக் குறைந்தால் சாலை மூடப்படும்.

கடையில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாட்டை எண்ணுவீங்களா?" என்று பென்கா கேட்டாள். "எங்க ஊர்ல மாடுதான் ஜாஸ்தி."

"சக்கரம் இருந்தா எண்ணும்."

"அப்போ என் வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியில உக்கார வச்சு உருட்டுறேன்."

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. போகும்போது சொன்னார்: "எனக்கும் ஆசை இல்லம்மா. ஆனா கீழ ஸ்கூல்ல பாய்லர் வெடிச்சுக் கிடக்கு, பிள்ளைங்க கோட்டோட உக்காந்திருக்கு. எதுக்குன்னு காசு எடுக்கிறது?"

உண்மைதான். அந்தக் கோட்டுப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

நவம்பர் 11

பள்ளி வேன் வளைவுக்குக் கீழேயே எங்களை இறக்கிவிடுகிறது. மற்ற ஐந்து பேரும் முன்னால் போய்விட்டார்கள். நான் ஷூ கயிறு கட்டுகிற மாதிரி நின்றேன். கண்ணாடியில் 204. கீழ்க் குழாயில் குதித்தேன், மேல் குழாயில் குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து இன்னொரு தடவை: கீழே, மேலே. 205.

முன் சக்கரம், பின் சக்கரம். அவ்வளவுதான்.

நான்கு நாளில் 204. ஒரு நாளைக்கு ஐம்பத்தொன்று. இருபது குறைகிறது.

நவம்பர் 12

இருபது வண்டி. எண்பது குதி. முழங்கால் வலி.

இது திருட்டா? எதை எடுத்தேன்?

நவம்பர் 19

முதல் பெரிய பனி. குழாய்மேல் பனியைக் காலால் விலக்கிக்கொண்டிருந்தபோது ஆசென் மாமாவின் பனி வண்டி கீழிருந்து வந்து நின்றது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஆசென் மாமாதான். முப்பது வருடமாக இந்தச் சாலையில் பனி தள்ளுகிறவர். கண்ணாடியை இறக்கினார்.

"என்ன பாப்பா, தனியா பாண்டி ஆடுறியா?"

"ஆமா மாமா."

"கட்டம் போடாம ஆடுறியே."

அவர் மீசையிலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டார். "ஓடு, வீட்டுக்குப் போ. கல்லோடைக்கு மேல பனி தொங்கிட்டு நிக்குது. எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

கல்லோடை என்பது பாதி வழியில், மலையிலிருந்து பனி சரியும் இடம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கேதான் அவருடைய தம்பியின் லாரி புதைந்தது. ஏப்ரலில்தான் கிடைத்தது.

நவம்பர் 28

குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக நான் பார்த்த எண் 1,496. மனசுக்குள் வகுத்தேன், பிறகு காகிதத்தில் வகுத்தேன். எழுபத்தொன்று.

விரிப்பு உலர்ந்திருந்தது. தொடர்ந்து இரண்டு இரவு.

டிசம்பர் 2

எழுத முடியவில்லை.

பழைய பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஊர்த் தலைவி ஸ்லாவ்கா நடுவில், பக்கத்தில் இன்ஜினியர். அவர் ஒரு தாளைப் பிரித்தார்.

"இந்த மூணு வாரத்துல மேல போன வண்டி எண்ணூத்து எண்பது. கீழ வந்தது அறுநூத்துப் பதினாறு" என்றார். "மிச்சம் இருநூத்து அறுபத்து நாலு வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க? எனக்கும் காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். கீழே, மேலே, கீழே, மேலே. எப்போதும் வீட்டுப் பக்கம் பார்த்தே குதித்திருக்கிறேன். எந்தப் பக்கம் போகிறது என்று அறியத்தான் இரண்டு குழாய் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? முட்டாள். முட்டாள்.

"இன்னொரு விஷயம்" என்றார் அவர். "அத்தனையும் மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கு."

அப்போது சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்: "அவ்ளோ மெதுவாப் போறது ஒரே வண்டிதான்." எல்லாத் தலைகளும் ஆசென் மாமாவின் பக்கம் திரும்பின. சாலை மூடினால் அவருடைய குளிர்கால ஒப்பந்தம் போய்விடும். காரணம் இருக்கிறதே! ஏறியது மட்டும் எப்படிப் பதிந்தது, இறங்கியது ஏன் பதியவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன்ப்பா ஆசென், ஏதாவது பேசு" என்றாள் ஸ்லாவ்கா.

அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "என்னத்தப் பேச" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

டிசம்பர் 3

பத்தாம் தேதி மறுபடி கூட்டம். அதற்குள் மாமா மேல் எழுத்தில் புகார் கொடுப்பார்களாம், போலீஸும் வருமாம். பென்கா சொன்னாளாம்.

கதவு தட்டுகிற மாதிரி இருந்தது. காற்று.

என்ன பண்ணிட்டேன் நான். அம்மாகிட்ட சொல்லிடவா? சொன்னா அழுவா. சொல்லாட்டி மாமா...

விரிப்பு நனைந்தது. நேற்றும்.

டிசம்பர் 6

புனித நிக்கோலா திருநாள், மீன் சமைக்கிற நாள். வழக்கமான மீன் வண்டி இன்றைக்கும் மேலே ஏறி வந்தது. எல்லா வீட்டிலும் கெண்டை மீன் மணம். ஆசென் மாமாவிடம் மட்டும், கடையில், யாரும் "திருநாள் வாழ்த்து" சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

என்னால் மீன் சாப்பிட முடியவில்லை. முள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

டிசம்பர் 7

போனேன்.

வண்டிக் கொட்டகையில் டயர் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடம் பண்ணியிருந்தேன். வாய் திறந்ததும் எல்லாம் மறந்து, "மாமா, அது பாண்டி இல்ல" என்று மட்டும் வந்தது.

"தெரியும் பாப்பா."

"தெரிஞ்சும் ஏன் கூட்டத்துல சொல்லல?"

"சொன்னா, ஏன் குதிச்சேன்னு உன்னைக் கேப்பாங்க." சங்கிலியின் ஒரு கண்ணியை ரொம்ப நேரம் பார்த்தார். "பனி பெய்யற அன்னைக்கெல்லாம் நாலு மணிக்கு உங்க வீட்டுக் கொடியத் தாண்டித்தானே நான் போறேன். ஹெட்லைட்டு நேரா அங்கதான் அடிக்கும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டை மூடினா உங்க வேலை போயிடுமேன்னு..." என்றேன்.

"வேலையா?" சிரித்தார். "மூடட்டும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டவன் நான். ராத்திரி அந்தக் கல்லோடை கிட்ட வந்தா எனக்குக் கால் நடுங்குது. வயசு அறுபத்தொண்ணு. யார்கிட்ட சொல்றது? பயந்தாங்கொள்ளின்னு பென்கா போர்டு எழுதி மாட்டிடுவா."

நான் பிழைக்க எண்பது எண்பதாகக் குதித்தது, இவரை இருட்டில் அந்த இடத்துக்கு அனுப்பத்தானா? இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாளும்.

டிசம்பர் 10

சொல்லிவிட்டேன்.

இன்ஜினியர் பேச ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று தெரியும். "வண்டி இல்ல. நான்தான் குதிச்சேன். ஆசென் மாமா ஒண்ணும் பண்ணல."

இன்ஜினியர் தாளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "நாலு கிலோமீட்டர்" என்றார் மெதுவாக. "ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போற வேகம்."

"இருநூத்து அறுபத்து நாலு வண்டியா?" என்று பென்கா கத்தினாள். "அடிப்பாவி, உன் ஷூ என்ன ஆச்சு?"

ஸ்லாவ்கா மேசையைத் தட்டினாள். "ஏன் செஞ்சே, தமயானா?"

"என்னால... விடுதியில தூங்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கேட்கிறவர்கள் கேட்டுப் பாருங்கள் என்கிற மாதிரி நின்றாள். ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போது ஆசென் மாமா பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ராத்திரி ஓட்டம் வேண்டாம். காலையில் வெளிச்சம் வந்ததும் கல்லோடையை ஒரு தடவை அவர் பார்ப்பாராம். சரியாக இருந்தால் கீழே போகிற எல்லோரும் அவர் வண்டிக்குப் பின்னால் வரிசையாக வரலாமாம். மூன்று மணிக்கு அதேபோல மேலே. மற்ற நேரம் தடுப்புக் கட்டை. டீசலும் உப்பும் பாதி, ராத்திரிக் கூலி கிடையாது. "அப்புறம்," என்று நிறுத்தி, "ராத்திரில எனக்குப் பயமா இருக்கு. அதையும் எழுதிக்குங்க" என்றார்.

பென்கா சிரிக்கவில்லை.

இன்ஜினியர் ரொம்ப நேரம் தாளின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்தார். மிச்சமாகும் காசு பாய்லருக்கு முழுதாகப் போதாது, ஆனால் பாதி வரும் என்றார். நகராட்சியில் கேட்டுச் சொல்கிறாராம்.

டிசம்பர் 13

ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும். பள்ளியில் எங்கள் ஆறு பேருக்கும் முதல் பாடம் கிடையாது. முதல் பாடம் கணக்கு!

எனக்குத் தண்டனையும் உண்டு. ஸ்லாவ்கா வீட்டுக்கே வந்து ஒரு பென்சிலும் அட்டை போட்ட நோட்டும் கொடுத்தாள். தினமும் வரிசையில் எத்தனை வண்டி என்று நான் எழுதி, மாதக் கடைசியில் இன்ஜினியருக்கு அனுப்ப வேண்டும்.

"போறதும் வர்றதும், ரெண்டையும் எழுதுடி" என்றாள்.

டிசம்பர் 15

பகல் முழுவதும் பனி. பள்ளி விடுமுறை. சாயங்காலம் ஆசென் மாமா நாளைக்காக ஊருக்குள் பாதையைச் சுத்தம் செய்தார். எங்கள் வீட்டு முன்னால் மட்டும், எதிர்ப்பக்கம் தள்ள வேண்டிய பனியை எங்கள் வேலிப் பக்கமே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

"கண்ணு தெரியலையா அந்த மனுஷனுக்கு? இத்தனை பனிய நம்ம தலையில கொட்டிட்டுப் போறாரு, வாசல் மட்டும்தான் தப்பிச்சது" என்று அம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது மண்வெட்டியில் பனி ஒட்டியிருக்கவில்லை. தேநீர் போட்டாள்.

டிசம்பர் 16

முதல் தடவையாகக் காலையில் எழுதுகிறேன், சமையலறை மேசையில்.

விரிப்பு நனைந்துவிட்டது. அம்மா நாலு மணிக்கே கொடியில் போட்டிருக்கிறாள். இன்றைக்கு ஊரே வரிசையாக எங்கள் வீட்டைத் தாண்டிப் போகுமே, எல்லோரும் பார்ப்பார்களே என்று பயந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். சாலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். வேலி தெரியவில்லை. கொடி தெரியவில்லை. பனிதான், என் தலைக்குமேல் ஒரு முழம், பலகையால் தட்டிச் சமன்செய்த சுவர் மாதிரி. கொடிக் கம்பியின் நீளத்துக்குச் சரியாக.

பென்சில் சீவியாயிற்று. நோட்டில் இரண்டு கோடு போட்டு, கீழே, மேலே என்று எழுதியிருக்கிறேன். கீழே இறங்குவதில் முதல் வண்டியாக எதை எழுதுவது, பனி வண்டியும் கணக்கா, கேட்க வேண்டும். அந்தச் சுவருக்காக மாமாவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான்

மாமா கதவைத் தட்டுகிறார்