சுவருக்கு அந்தப் பக்கம் செருமல்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் வேட்டி மூணு நாளாகக் காயவில்லை.

அ.வீ. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டான். (அடுத்த வீடு. 'தம்பி' என்று எழுதி ஏழு வருஷம் ஆகிறது.) நான் பல் தேய்க்கப் பின்வாசலுக்குப் போனால் போதும், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் செருமல். கர்ர்... கர்ர். மூணு மாசமாக இதேதான். ஆகாதவனைத் தெருவில் கண்டால் செருமிக் காட்டுகிற ரவுடித்தனம். நானும் விடவில்லை. அவன் ஒன்று என்றால் நான் மூணு.

வீட்டுக்காரி செல்வி அடுக்களையிலிருந்து: "ரிட்டையர் ஆகப்போற வயசுல ஒங்களுக்கு இது தேவையா?"

தேவைதான்.

செய்ய வேண்டியவை: எட்டாம் வகுப்பு வினாத்தாள். குடைக்கம்பி. செல்விக்குப் பிரஷர் மாத்திரை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல் விட்டபாடில்லை. வினாத்தாளில் ஒலிமரபு. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும். மனுஷன்? கேட்டால் பிள்ளைகள் சிரிக்கும். அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். ஆனாலும் அகராதியைப் புரட்டினேன்.

கனை: ஒலி. செறிவு என்றும் ஒரு பொருள்.
கனைத்தல்: குதிரை, எருமை போடும் சத்தம். ஆள் தொண்டையைச் செருமுவதும்.
கரகரப்பு: ஒலிக்குறிப்பு.
செருமல்: வேர் போடவில்லை. சத்தமேதான் வேர் என்று தோன்றுகிறது. தொண்டை போட்டதைக் காது அப்படியே பிடித்துச் சொல்லாக்கிவிட்டது.

அகராதியில் வராத பொருளும் உண்டு. அப்பா குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்கப் போனால் படிக்கு மேலேயே நின்று ஒரு கனைப்பு கனைப்பார். கீழே பெண்கள் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். பிறகுதான் இறங்குவார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு கனைப்பு. மரியாதை அது. இவன் செய்வது என்ன மரியாதை?

மாலை மருந்துக்கடை. அண்ணாச்சி சீட்டை வாங்கியபடி, "சார்வாள், தம்பிக்கு வெள்ளிக்கிழம ஆப்ரேசனாம்லா?"

"எந்தத் தம்பிக்கு?"

"என்ன வே கேள்வி இது? ஒம்ம தம்பிக்குத்தான். தொண்டையில புத்து. கொரல்வளையவே எடுக்கணும்னுட்டாவளாம். செருமல் நிக்கல நிக்கலன்னு மூணு மாசமா இங்கனதான மருந்து வாங்குனான்."

மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

செல்விக்குப் போன வாரமே தெரியுமாம். "அந்த வீட்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?" நான்தான் சொன்னேன்.



நவம்பர் 5, புதன்

லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல். பொய்.

ஒரே வீடுதான், நடுவில் சுவர். ஆனால் தெருவைச் சுற்றித்தான் போகணும். பதினெட்டு அடி. அவன் நடைவாசலில் நின்றேன். எப்படிக் கூப்பிடுவது? பெயர் வாயில் வரவில்லை. அப்பா பழக்கம், தன்னால் ஒரு கனைப்பு வந்துவிட்டது.

தம்பி பெண்டாட்டி கோமதி வெளியே வந்தாள்.

"இங்கன வந்துமா செருமுதிய அத்தான்? மூணு மாசமா செவுத்துக்கு அந்தால நின்னு அவியளப் பரிகாசம் பண்ணுனது போதாதா? வலியில அவியளுக்குச் செருமல் வரும். ஒடனே நீங்க மூணு தடவ செருமுவிய. 'என் சீக்க அண்ணன் நடிச்சுக் காட்டுதான் பாத்தியா'ன்னு பல்லத் தேய்ச்சுக்கிட்டே அழுதாவ."

அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. அவனைக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சாம். இவள் துணிமணி எடுக்க வந்தவள்.

நான் ஒரு மிருகம். மிருகத்துக்கு இந்தப் புத்தி வராது.

ஏழு வருஷத்துக்கு முன் அம்மாவின் பதினாறாம் நாள், சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் இருக்கும்போது நான் சொன்னது: "நீ பாத்த லெச்சணத்துலதாம்லே அம்மா போனா." அன்றைக்கு எழுந்து போனவன்தான். இலையில் பாயசம் அப்படியே இருந்தது. அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியது அவன். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு எட்டிப் பார்த்தது நான்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். 12ஆம் நம்பர் கட்டில்.

பாதியாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "திட்டுலே. நாலு வார்த்த நல்லாத் திட்டிப்புடு" என்றேன்.

திட்டவில்லை. ரொம்ப நேரம் செருமினான். கோமதி முதுகைத் தடவிவிட்டாள். பிறகு, உரலைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரலில் கேட்டான்:

"அம்மாவ நான் நல்லாப் பாக்கலயாண்ணே?"

இருக்கிற குரலில் அதைத்தான் கேட்டான்.

அழுதேன். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கத்தியவனுக்கு ஒரு சொல் வரவில்லை. நர்ஸம்மா வந்து, "பார்வையாளர் நேரம் முடிஞ்சிட்டு, கெளம்புங்க சார்." கிளம்பிவிட்டேன். பதில் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். எவனாவது செய்வானா?

நாளைக் காலை முதல் பஸ். கட்டாயம்.

நவம்பர் 7, வெள்ளி

ஆறரைக்கே போய்விட்டேன். வார்டுக்குள் விடவில்லை. எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பச்சைத் துணி, தலையில் தொப்பி. கூடவே ஓடினேன்.

"நீதாம்லே பாத்த. நான் பாக்கல. அன்னைக்கு நான் சொன்னது பொய். கேக்கா?"

கேட்டது. கையைப் பிடித்தான், இறுக்கமாக. வாயைத் திறந்தான். செருமல்தான் முதலில் வந்தது. செருமி முடித்துச் சொல்ல வந்தான்.

வண்டி தள்ளியவர், "கைய விடுங்க சார், நேரமாவுது." வண்டி உள்ளே போய்விட்டது. கதவு.

மதியம் ரெண்டரைக்கு டாக்டர் வெளியே வந்து, குரல்வளையை எடுத்தாச்சு, நல்லபடியா முடிந்தது, உயிருக்குப் பயமில்லை என்றார். கோமதி தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள்.

என்ன சொல்ல வந்தான்? செல்வி சொல்லுகிறாள், "தேறுனதும் எழுதிக் காட்டுவாவ, பதறாதிய."

எழுதுவான். எனக்கு அவன் சொல்லிக் கேட்கணும்.