எஞ்சின் மவுண்டிங் மாற்றிய நாள்

செவ்வாய், இரவு.

சிக்னலில் காடி, எங்கள் கார், நின்றால் ஸ்டீரிங் உதறுகிறது, அதனால்தான் கை நடுங்குகிறது என்று என் வீட்டுக்காரர் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று புக்கிட் தெங்கா பட்டறையில் ஃபோர்மன் தம்பி மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். எஞ்சினைத் தாங்கும் பழைய ரப்பர் கிழிந்து தொங்கியது. "இனிமே ஆடாது லா, அண்ணே!"

வழியில் ஒரு கடையில் சூடாகத் தேத்தண்ணி வாங்கினோம். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்ததை ஸ்டீரிங் ஓரத்துச் சிக்னல் கம்பியில் மாட்டினார். பாலம் ஏறுவதற்கு முன், பிறை ஊர்ச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. முன்பெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும் தே அப்படியே நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இந்தா, ஆறிடப் போவுது," என்று எடுத்து நீட்டினார். அவர் கைக்கு வந்ததும் தே நடுங்கியது.

இருவரும் பார்த்தோம்.

"காடியில ஆட்டம் இன்னும் கொஞ்சம் இருக்குபோல," என்றார்.

"ஆமாங்க, இருக்கு," என்று பையை அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இப்போது தூங்குகிறார். கை அசையாமல் கிடக்கிறது. நாளைக்கு என்ன சொல்லி கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன்? காடியைத்தான் சரி பண்ணியாகிவிட்டதே.