பட்டணத்து விளக்கடியில் நின்றவர்

1947, தை மாதம், வெள்ளி இரவு.

பட்டணத்தை இரவில் எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு என் ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். இன்று அம்மையார்குப்பத்து நெசவுக்காரி ராஜம்மாள், கல்யாணம் நிச்சயமான மகளைப் படம் எடுக்க அழைத்து வந்தாள். சென்ட்ரல் ஸ்டேஷன் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெளக்குக் கம்பத்தாண்ட நிக்கறது எங்க ஊட்டுக்காரருங்க. அந்தத் தோள் சாய்ப்பு அவருதுதான். எப்போ எடுத்தீங்க?"

அவர் ஐந்து வருஷம் முன்பு சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவர். இருட்டு என்பதால் காமிராவை அரை நிமிஷம் திறந்து வைத்திருந்தேன். நடந்து போனவர்கள் பதியவில்லை. அசையாமல் நின்ற அந்த ஒரு ஆள்தான் பதிந்திருக்கிறார். முகம்கூடத் தெளிவாக இல்லை. போர் முடிந்து விளக்குகள் மறுபடி எரிந்த வாரம் எடுத்தது, ஒன்றரை வருஷமாகிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், "போன மாசம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். "அப்போ உசுரோட கீறாரு. கல்யாணத்த நிறுத்தி வைக்கறேன். நாளைக்கே ரயிலேறிப் போய்த் தேடறேன். அவரே வந்து நடத்தட்டும்."

படம் எடுக்காமலே கிளம்பினார்கள். மகள் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள்:

"நெஜமா போன மாசந்தானுங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. "ஆமாம்" என்றேன்.

காலையில் முதல் ரயிலுக்கு முன்பே எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போய் ராஜம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தாயிடம் இரக்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னேன்?