ஆளுக்கு இருநூறு அடி

ஜனவரி 8, திங்கள்

மைனஸ் பதினெட்டு. நல்ல வெயில். எட்டு மணிக்கு முயல்முதுகு மலையில் கால் வைத்தோம், பதினொன்றரைக்கு உச்சி. ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் ஆழப் பனியில் இப்படி ஏறுகிறவர்கள் கனடாவின் இந்தக் காஸ்பே கரையில் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லட்டும், பார்க்கலாம்.

வாரம் முழுக்க நான் பனி தள்ளும் லாரியில் உட்கார்ந்தே இருக்கிறேன். ஜோஸ்லின் தன் சலூனில் நின்றே இருக்கிறாள். திங்கள் இருவருக்கும் விடுமுறை. "ஆறு நாள் ஊர்க்காரங்க தலையப் பாக்கறேன், ஒரு நாளாவது மலையோட தலையப் பாக்க வேணாமா?" என்பாள் என் மனைவி.

புதுப்பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் வேலை. அகலமான பனிச்செருப்பைத் தூக்கி வைத்து மிதித்து வழி போட வேண்டும். பின்னால் வருகிறவர் அதே தடத்தில் சும்மா நடக்கலாம். அதனால் ஆளுக்கு இருநூறு அடி. இருநூறு ஆனதும் முன்னவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார், மற்றவர் கடந்து முன்னே போவார். அவரவர் மனதுக்குள் எண்ணிக்கொள்வோம். இத்தனை வருஷத்தில் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்ததில்லை. எங்கள் கல்யாணம்கூட இவ்வளவு நம்பிக்கையோடு நடக்கவில்லை.

மார்ச் 12, முப்பதாவது கல்யாண நாள், திங்களாகவே வருகிறது. "மோதிரம் கீதிரம் வேணாம். மொட்டைமலை உச்சியில ஒரு துண்டு கேக். அது போதும்" என்று சொல்லிவிட்டாள். செய்தால் போயிற்று.

ஜனவரி 15, திங்கள்

இன்று ஒரு சின்ன விஷயம். நூற்றைம்பதிலேயே ஒதுங்கி நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. கிறிஸ்துமஸுக்குத் தின்ற கறி இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான். ஜோஸ்லின் கடந்து முன்னே போனாள்.

ஜனவரி 17, புதன்

புயல். பதினான்கு மணி நேரம் லாரி. மூச்சே வாங்கவில்லை. உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு வாங்கப் போகிறது என்று ஜோஸ்லின் கேட்பாள். அவளிடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 22, திங்கள்

நூற்று முப்பது. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. உச்சிக்குக் கீழே ஒரு நிமிஷம் கண் இருட்டியது. "செருப்பு வார் அவுந்துடுச்சு" என்று குனிந்து நின்றேன். வார் அவிழவில்லை.

ஏன் சொல்லவில்லை? இங்கேயாவது உண்மையை எழுது, நோர்மான்.

போன வருஷம் பக்கத்து வீட்டு ஈவோனுக்கு முழங்கால் போயிற்று. அவன் மனைவியும் அதோடு மலையை விட்டாள். அன்று ஜோஸ்லினிடம் கேட்டேன், "நாளைக்கு எனக்கு முடியலேன்னா?" என்று. யாருக்கோ சாயம் கலக்கிக்கொண்டே சொன்னாள், "உனக்கு முடியலேன்னா எனக்கும் முடியாது. செருப்ப வித்துட்டுத் தையல் கத்துக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்திருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

திங்கட்கிழமை இல்லாவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அதைப் பிடுங்குகிறவன் நானாக இருக்க மாட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

புயல், லாரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மலை இல்லை. நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரி 5, திங்கள்

நூற்று இருபதில் ஒதுங்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்ததால், பின்னால் வரும்போது அவள் அடிகளை எண்ணினேன். இருநூற்று எண்பது.

தவறாக எண்ணிவிட்டாளோ? நாற்பது வாடிக்கைக்காரிகளின் சாயக் கலவையைச் சீட்டுப் பார்க்காமல் சொல்கிறவள் தவறாக எண்ண மாட்டாள். அடுத்த முறை வேண்டுமென்றே நூறில் நின்றேன். அவள் முந்நூறு போனாள். பிறகு மூச்சைப் பிடித்து நூற்று நாற்பது போனேன். அவள் இருநூற்று அறுபது. இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு முறையும் நானூறு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றைப் பரிமாறியதே அவள்தான்.

தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே? எதுக்கு வாய மூடிக்கிட்டு என் பங்கையும் சேத்து மிதிக்கணும்? நான் என்ன நோஞ்சானா? — சரி. நீ மட்டும் வாயத் திறந்தியா?

பிப்ரவரி 12, திங்கள்

நான் நூறு, அவள் முந்நூறு. திரும்பும்போது காரில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். இதற்கு முன் அவள் காரில் தூங்கியதே இல்லை.

மார்ச் 5, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். கார் நிறுத்துமிடத்தில் என் பையைத் தோளில் மாட்டினால் காற்று மாதிரி இருக்கிறது. ஃபிளாஸ்க், கயிறு, மாற்று உடுப்பு எல்லாம் அவள் பைக்குப் போயிருந்தன. "உன் பையில இடமில்ல" என்றாள். என் பையில் இருந்தது ஒரு கையுறை. இன்னும் ஒரு வாரம். மொட்டைமலை ஆகட்டும், பிறகு சொல்கிறேன்.

மார்ச் 12, திங்கள்

மரங்கள் முடிகிற இடம் வரை வந்துவிட்டோம். உச்சியும் அதில் நட்டிருக்கும் கம்பமும் கண்ணுக்குத் தெரிகின்றன. இன்னும் கால் மணி நேரம். என் முறை. இன்று மட்டுமாவது முழு இருநூறும் போவது என்று வைராக்கியமாகக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் நெஞ்சு அமுங்கியது, வெள்ளை எல்லாம் கறுப்பாயிற்று. கண் திறந்தபோது பனியில் உட்கார்ந்திருக்கிறேன், ஜோஸ்லின் என் கழுத்துப் பட்டியைத் தளர்த்துகிறாள்.

"நாப்பதுதான் வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"முப்பத்தெட்டு" என்றாள்.

அதற்கு மேல் இருவராலும் நடிக்க முடியவில்லை.

"எப்பத்துலேர்ந்து எண்றே?"

"லேஸ் அவுந்த அன்னிக்கு முன்னாடியே. உன் செருப்புல லேஸே கிடையாது கிழவா, வார்தான்."

"வார்னுதான் சொன்னேன்."

"ஏதோ ஒண்ணு. பொய்தானே?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ டாக்டர்கிட்ட போவே. போனா மலை வேணாம்பாங்க. உன்ன மலையில்லாம வீட்ல வச்சுப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல." கன்னத்தில் வழிந்தது அங்கேயே உறைந்துகொண்டிருந்தது. "நான் பண்ணது தப்பு. செத்துத் தொலைஞ்சிருந்தா?"

அவள் பயந்தது எனக்காக, நான் பயந்தது அவளுக்காக. இரண்டு பேர் சேர்ந்து இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறெங்கும் செய்திருக்க முடியாது. உச்சிக்கு நீ போய்விட்டு வா, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். என்னைத் தூக்கி எழுப்பினாள். கேக்கை அங்கேயே நின்று தின்றோம், பாதி ஐஸ். கீழே இறங்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அவள் கையை விடவில்லை.

மார்ச் 15, வியாழன்

இதயத்து வால்வு சுருங்கிப்போயிருக்கிறதாம். டாக்டர் பெண்மணி கேட்டார்: "இத வச்சுக்கிட்டா மலை ஏறினீங்க?" ஜோஸ்லின் முந்திக்கொண்டு, "முக்கால்வாசி நான்தான் ஏறினேன்" என்றாள்.

ஏப்ரல் 24, செவ்வாய்

நாளை காலை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

டிசம்பர் 10, திங்கள்

புது வால்வு நன்றாக வேலை செய்கிறது. இந்தக் குளிர்காலம் சமதளம் மட்டும், அதுவும் அளவோடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஜோஸ்லின் இரண்டு ஜோடிப் பனிச்செருப்பையும் துடைத்து, படம் எடுத்துக்கொண்டிருந்தாள். விற்க.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உன் ஜோடிய எதுக்கு விக்கறே?"

"சொன்னேனே. உனக்கு முடியலேன்னா எனக்கும் முடியாது."

"நல்லா இருக்கு. திங்கக்கிழமை பூரா வீட்ல உக்காந்து நான் மூச்சு விடறத எண்ணிட்டு இருக்கப் போறியா? அதுலயே நான் மூச்சு முட்டிப் போயிருவேன்."

சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. எனக்காக நீ முந்நூறு அடி நடந்தாய், அதை வாங்கிக்கொண்டேன், இதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படத்தை மட்டும் இணையத்தில் போடவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

மொட்டைமலை அடிவாரக் குடில். இங்கே வரை ஒன்றரை கிலோமீட்டர் சமதளம், டாக்டர் கொடுத்த அளவு. நடந்தே வந்தேன். அடுப்பை மூட்டிவிட்டேன், பட்டாணி சூப் கொதிக்கிறது. ஜோஸ்லின் ஒன்பது மணிக்கு மேலே போனாள். இரண்டு மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு. போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை, "போ, மகாராணி" என்று கத்தினேன்.

இரண்டு ஐந்து. வரவில்லை.

இரண்டு இருபது. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இந்தக் காத்திருப்புக்கு மலை ஏறுவதே தேவலை. பனி தள்ளுகிறவன் வீட்டில் முப்பது வருஷம் அவள் செய்தது இதைத்தானே?

மூன்று மணி. வந்துவிட்டாள். புருவமெல்லாம் ஐஸ், முகம் தக்காளிச் சிவப்பு. உச்சிக் கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்தாளாம். மேலே பூராவும் புதுப்பனி, வழியெல்லாம் அவளே போட்டது.

"எத்தன அடி?" என்று கேட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து வாரைத் தளர்த்தினாள். கொஞ்சம் தயங்கினாள். "எண்ண மறந்துட்டேன் கிழவா. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

மனதுக்குள் கொஞ்சம் வலித்தது. சந்தோஷம் அதைவிட அதிகம். சூப்பை ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு கிண்ணம் குடித்தாள்.