ஒன்பதாவது பாட்டன்

அன்புள்ள அப்பாவுக்கு ப்ரெண்டா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஷ்கோதர் நகரில் நான் நலம்.

ஒரு வேடிக்கை. எங்கள் செருப்பு ஆலையில் வேலை செய்யும் நிகோல், என்னைப் பெண் கேட்டு உங்களிடம் ஆள் அனுப்புவதாக இருந்தான். அதற்கு முன் உறவுமுறை பார்க்க, சாப்பாட்டு மேசையில் இருவரும் பாட்டன்மார் பெயர்களை வரிசையாகச் சொன்னோம். ஒன்பதாவதாக அவனும் கேகாவையே சொன்னான். பாம்பு காவலிருந்த தொட்டிலில் வளர்ந்த நம் கேகா.

“போச்சு போ! நீ எனக்குத் தங்கச்சி முறை ஆயிட்டியே,” என்றான். சிரித்தோம். மறுநாள் முதல் அவன் வேறு மேசையில் சாப்பிடுகிறான்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். வீட்டுப் பாம்புக்குப் பால் வைக்க மறக்காதீர்கள். ஆலைச் சங்கு ஊதுகிறது. அப்பா, பாட்டன்மார் பெயர்களை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நான் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

ப்ரெண்டா